லினக்சில் டயல்-அப் மோடம்: தடங்கல் எந்தப் படியில் என்று கண்டறிந்து சரிசெய்தல்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் இங்கே சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பெண்டியம் 4 செயலி கொண்ட பழைய மேசைக் கணினியில் டெபியன் 12 நிறுவியிருக்கிறீர்கள். அதன் உள்ளே இருக்கும் மோடம் அட்டை விண்டோஸ் இருந்த காலத்தில் குறையின்றி வேலை செய்தது. இப்போது எந்த மென்பொருளும் அதைக் கண்டுகொள்வதில்லை. நண்பர் கொடுத்த ஒரு வெளி மோடத்தைச் சீரியல் போர்ட்டில் இணைத்து, உங்கள் நிறுவனத்தின் தொலைதூரக் கிளையில் தொலைபேசி அழைப்பை ஏற்கும் லினக்ஸ் கணினியை அழைத்தால் எண் சுழல்கிறது, கீச்சொலி கேட்கிறது, 'கனெக்ட் 115200' என்று இணைப்புக் கிடைத்த செய்தியும் வருகிறது, ஆனால் ஏறத்தாழ அரை நிமிடத்தில் எல்லாம் அறுந்துவிடுகிறது. ஈதர்நெட் இணைந்திருந்த ஒரு நாளில் வேறொரு பிழைச்செய்தியும் வந்தது. மோடம் பழுதா, லினக்ஸ் பழுதா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் பழுதில்லை என்றே நினைக்கிறேன். உள் அட்டையின் சிக்கலும் வெளி மோடத்தின் சிக்கலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. முதலாவதற்குத் தீர்வு தேடுவதில் பெரும்பாலும் பயனில்லை. இரண்டாவது, ஒரு பதிவுக் கோப்பைப் படித்தாலே தீர்ந்துவிடும். டயல்-அப் இணைப்பில் ஐந்து வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன: கெர்னலுக்குப் போர்ட் தெரிய வேண்டும், அந்தப் போர்ட்டின் வழியே மோடம் பதில் பேச வேண்டும், மோடம் தொலைபேசிக் கம்பியின் வழியே மறுமுனை மோடத்தைப் பிடிக்க வேண்டும், அதன்பின் இரு கணினிகளும் பிபிபி நெறிமுறையில் (தொலைபேசிக் கம்பியில் இணையத் தரவை அனுப்பும் விதிமுறை) உடன்பாட்டுக்கு வர வேண்டும், கடைசியாக ஐபி முகவரியும் வழித்தடமும் அமைய வேண்டும். கீழே உள்ள வேலை முடிந்ததை உறுதிசெய்யாமல் மேலே உள்ளதைத் திருத்திக்கொண்டிருப்பதுதான் இந்த விஷயத்தில் நேரத்தை விழுங்குவது. வரைகலை டயலர்கள் இந்த ஐந்தையும் ஒரே பொத்தானுக்குள் மூடி வைத்துவிடுவதால், கோளாறு தேடும்போது அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு முனையத்தில் வேலை செய்யுங்கள். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது அவை அனைத்தும் ஆங்கிலச் சிறிய எழுத்துகள் என்று கொள்க. மோடத்துக்குக் கொடுக்கும், ஏடி என்று தொடங்கும் கட்டளைகளைப் பெரிய எழுத்துகளில் அடிப்பது பாதுகாப்பு.

உள் அட்டையை முதலில் முடித்துவிடுவோம். 'எல்எஸ்பிசிஐ' கட்டளையைக் கொடுத்து, அந்த அட்டைக்குரிய வரி எந்த வகைப் பெயரோடு வருகிறது என்று பாருங்கள். 'சீரியல் கன்ட்ரோலர்' என்று இருந்து, விரிவான வெளியீட்டில் 16550 என்ற எண்ணும் காணப்பட்டால் அது முழுமையான வன்பொருள் மோடம். யுஎஸ் ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் 5610 அப்படிப்பட்டது, அதைக் கெர்னலின் வழக்கமான 8250 டிரைவரே எடுத்துக்கொள்ளும். 'கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்' என்றோ வெறுமனே 'மோடம்' என்றோ இருந்தால் அது பெரும்பாலும் விண்மோடம், அதாவது தன் வேலையில் ஒரு பகுதியை விண்டோஸ் டிரைவரிடம் விட்டுவிட்ட மோடம். மலிவான உள் அட்டைகள் பெரும்பாலும் இவ்வகையே என்பதாலும், விண்டோசில் ஓடியதாக நீங்கள் சொல்வதாலும், உங்களுடையதும் இதுவாகவே இருக்கும்.

ஒரு மோடத்துக்குள் இரண்டு வேலைகள் உண்டு. ஏடி கட்டளைகளைப் புரிந்துகொண்டு, வி.42 முறையில் பிழை திருத்தி, வி.42பிஸ் முறையில் தரவைச் சுருக்குவது ஒரு வேலை. இதைச் செய்யும் பகுதியைக் கன்ட்ரோலர் என்பார்கள். பிட்டுகளைக் கம்பியில் செல்லும் ஒலியலையாகவும், ஒலியலையைத் திரும்பப் பிட்டுகளாகவும் மாற்றுவது மற்றொரு வேலை. இதற்கு டிஎஸ்பி என்னும் தனிச் சில்லு தேவைப்பட்டது. விலையைக் குறைப்பதற்காக உற்பத்தியாளர்கள் இந்த வேலைகளை அட்டையிலிருந்து எடுத்து, விண்டோசுக்கான டிரைவருக்குள் வைத்தார்கள். லூசென்ட்டின் எல்டி விண்மோடத்திலும் கோனெக்சன்ட்டின் எச்சிஎஃப் வரிசையிலும் டிஎஸ்பி அட்டையிலேயே இருக்கும், கன்ட்ரோலர் மட்டும் மென்பொருளாகிவிட்டது. கோனெக்சன்ட்டின் எச்எஸ்எஃப், ஸ்மார்ட் லிங்க், பிசிடெல் போன்றவற்றில் இரண்டுமே கணினியின் செயலிக்குப் போய்விட்டன. அட்டையில் மிஞ்சியிருப்பது ஒலியை எண்ணாக்கும் ஒரு கோடெக்கும் தொலைபேசிக் கம்பியைப் பிடிக்கும் சுற்றும்தான். ஆகவே அந்த அட்டையைச் சீரியல் போர்ட் போலத் திறந்து ஏடி என்று எழுதினால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

லினக்சுக்கும் இவற்றுக்கு டிரைவர்கள் வந்தன. லூசென்ட் அட்டைக்கு ஒன்று, ஸ்மார்ட் லிங்குக்கு ஒன்று, கோனெக்சன்ட் அட்டைகளுக்கு லினக்சன்ட் நிறுவனம் விற்றது ஒன்று; இந்தக் கடைசி டிரைவரின் இலவசப் பதிப்பு விநாடிக்கு 14.4 கிலோபிட்டோடு நின்றுவிடும், முழு வேகத்துக்குக் காசு கட்ட வேண்டும். இவை அனைத்துக்கும் பொதுவான குறை, சமிக்ஞை வேலையைச் செய்யும் மையப்பகுதி மூலநிரல் இல்லாத இருமக் கோப்பாகவே கிடைத்ததுதான். அதைச் சுற்றியிருந்த திறந்த நிரல் 2.4, 2.6 வரிசைக் கெர்னல்களுக்காக எழுதப்பட்டது. டெபியன் 12-இன் 6.1 கெர்னலில் அது அப்படியே தொகுபடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் மோடம் இன்டெல் சிப்செட்டோடு வந்த ஏசி'97 வகையாக இருந்தால், கெர்னலின் ஆல்சா என்னும் ஒலிப் பகுதியில் அதற்கான மோடம் டிரைவர் இன்றும் இருக்கிறது. ஸ்மார்ட் லிங்கின் பின்புலச் சேவை அதன்மேல் பயனர் வெளியில் ஓடக்கூடியது. அந்தச் சேவையின் இருமப் பகுதி 32 பிட்டுக்கானது, உங்கள் கணினியும் 32 பிட் கணினியாக இருந்தால் முயன்று பார்க்கலாம். மற்ற எந்த அட்டையானாலும் அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள் என்பதே என் கருத்து. கையில் வன்பொருள் மோடம் இருக்கும்போது விண்மோடத்தோடு மல்லுக்கட்டுவது பொழுதுபோக்குக்கு மட்டுமே சரி.

இனி வெளி மோடம். இதில் சீரியல் போர்ட் வழியே இணைவதெல்லாம் முழு வன்பொருள் மோடம்தான், ஆகவே டிரைவர் கேள்வியே எழுவதில்லை. யுஎஸ்பி மோடங்களில் இரு வகையும் உண்டு. யுஎஸ் ரோபோட்டிக்ஸ் 5637 போன்றவை சிடிசி-ஏசிஎம் என்னும் பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால் செருகியவுடன் டிடிஒய்ஏசிஎம்0 என்ற பெயரில் வந்து நிற்கும். கேபிளைப் பொறுத்தவரை, மோடத்தின் பக்கம் 25 முனையும் கணினியின் பக்கம் 9 முனையும் கொண்ட நேர் கேபிள் வேண்டும். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் நல் மோடம் கேபிள் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் உள்ளே கம்பிகள் குறுக்காக மாறியிருப்பதால் மோடத்துக்கு உதவாது. மூன்றே கம்பி கொண்ட கேபிளும் கூடாது, ஏனெனில் ஓட்டக் கட்டுப்பாட்டுக்கும் (தரவு நிரம்பி வழியாமல் நிறுத்தி அனுப்புவது) கேரியர் (மறுமுனை மோடத்தின் ஒலி) அறிவிப்புக்கும் தனிக் கம்பிகள் தேவை.

'டிமெஸ்ஜி' வெளியீட்டில் டிடிஒய்எஸ்0 என்று தேடினால், 3எஃப்8 என்ற முகவரியும் ஐஆர்கியூ 4 என்பதும் இறுதியில் 16550ஏ என்பதும் கொண்ட ஒரு வரி இருக்க வேண்டும். விண்டோசின் காம்1 இங்கே டிடிஒய்எஸ்0, காம்2 இங்கே டிடிஒய்எஸ்1. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதை மறந்து அடுத்த போர்ட்டில் மோடத்தைத் தேடுகிறவர்கள் ஏராளம். அந்த வரியே இல்லையென்றால் பயாஸ் அமைப்பில் சீரியல் போர்ட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து உரிமை: டெபியனில் சீரியல் போர்ட்டுகள் 'டயல்அவுட்' குழுவுக்குச் சொந்தமானவை. உங்கள் பயனர் பெயரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். புதிய வெளியீடுகளில் 'மோடம்மேனேஜர்' என்னும் பின்புலச் சேவை நிறுவப்பட்டிருந்தால், சோதனை முடியும் வரை அதை நிறுத்திவிடுங்கள். கைப்பேசித் தரவு மோடங்களுக்காக எழுதப்பட்ட அது, யுஎஸ்பி மோடத்தைச் செருகியதும் தானே திறந்து அதனோடு பேசிப் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்களும் பேசினால் இருவர் பதிலும் கலந்துபோகும்.

இப்போது 'மினிகாம்' மென்பொருளைத் திறந்து, போர்ட்டின் வேகத்தை 115200 என்றும், 8 பிட், சமநிலைப் பிட் இல்லை, 1 நிறுத்தப் பிட் என்றும், வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு உண்டு, மென்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு இல்லை என்றும் அமையுங்கள். பிறகு ஏடி என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஓகே என்று பதில் வந்தால் முதல் இரண்டு படிகளும் முடிந்தன. 1981-இல் ஹேயிஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்தில் கொண்டுவந்த இந்தக் கட்டளை முறைதான் இன்றைய 4ஜி டாங்கிள் வரை தொடர்கிறது. பதில் வராவிட்டால் மோடத்தின் முகப்பிலுள்ள விளக்குகளைக் கவனியுங்கள். நீங்கள் ஒவ்வோர் எழுத்தை அடிக்கும்போதும் எஸ்டி (கணினி அனுப்புவது) விளக்கு மினுங்கினால் கணினியிலிருந்து மோடம் வரை பாதை சரி. கூடவே ஆர்டி (கணினி பெறுவது) விளக்கும் மினுங்கினால் மோடம் பதில் அனுப்புகிறது, அது உங்கள் திரைக்கு வந்து சேரவில்லை என்று பொருள். எஸ்டி மினுங்கியும் ஆர்டி அசையாமல் இருந்தால், முந்தைய உரிமையாளர் மோடத்தை மௌன நிலையில் வைத்து அதன் நினைவகத்தில் சேமித்திருக்கக்கூடும். திரையில் எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று ஏடி, இ1, க்யூ0, வி1 ஆகியவற்றை ஒரே சொல்லாகச் சேர்த்து அடித்து என்டர் கொடுங்கள். எதிரொலியும் சொற்களிலான பதிலும் திரும்பிவிடும். எஸ்டி விளக்கே அசையவில்லை என்றால் கேபிளும் போர்ட்டும்தான் சந்தேகத்துக்குரியவை. மோடத்தின் அமைப்பை ஆலை நிலைக்குக் கொண்டுவர ஏடி&எஃப் போதும்; யுஎஸ் ரோபோட்டிக்ஸ் மோடமானால் ஏடி&எஃப்1 கொடுங்கள், அதுதான் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டோடு கூடிய நிலை.

உங்கள் மோடம் எண்ணைச் சுழற்றிவிடுவதால் மூன்றாம் படியைப் பற்றிப் பொதுவாகச் சில சொல்லிவிட்டுச் செல்கிறேன். டயல் டோன் இல்லை என்று மோடம் மறுத்தால் கம்பி செத்திருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் என்னும் இரண்டு ஒலிகளின் கலவை. இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ் ஒலி. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மோடம் இங்குள்ள ஒலியை டயல் டோனாக ஏற்காமல் போகலாம். டயல் கட்டளைக்கு முன் எக்ஸ்3 என்று சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் அழைக்கும்; நாட்டுக் குறியீடு மாற்றும் வசதி உள்ள மோடமானால் ஏடி+ஜிசிஐ=53 என்று இந்தியாவைத் தெரிவு செய்வது இன்னும் முறையானது. அலுவலக இணைப்பகத்தின் வழியே வெளிக்கம்பி எடுக்க வேண்டுமென்றால் முன்னெண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி இடுங்கள், மோடம் அங்கே இரண்டு விநாடி நிற்கும். கீச்சொலி அரை நிமிடம் கேட்டபின் கேரியர் இல்லை என்று முடிந்தால், அதே கம்பியில் இணையாக இருக்கும் மற்றத் தொலைபேசிகளைக் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். ஒலிபெருக்கியை எம்0 கொடுத்து அணைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு; சரியாக இயங்கும் வரை அணைக்காதீர்கள், மறுமுனை எடுத்ததா, பிசியா, மனிதர் யாராவது 'ஹலோ' சொன்னாரா என்பதையெல்லாம் காது உடனே சொல்லிவிடும்.

கனெக்ட் 115200 என்று செய்தி வந்ததைப் பார்த்து வேகத்தைப் பற்றி ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம், தொலைபேசிக் கம்பியின் வேகம் அன்று. வி.90 தரத்தின் 56 கிலோபிட் வேகம், மறுமுனை தொலைபேசி இணைப்பகத்தோடு டிஜிட்டல் முறையில் நேரே இணைந்திருந்தால் மட்டுமே, அதுவும் இறங்கு திசையில் மட்டுமே கிடைப்பது. இணையச் சேவை நிறுவனங்கள் அப்படி இணைத்திருந்தன. உங்கள் கிளையில் இருப்பதோ சாதாரண மோடம் பொருத்திய கணினி, ஆகவே வி.34-இன் 33.6 கிலோபிட்தான் உச்சவரம்பு. ஒரு மெகாபைட் கோப்பு வந்துசேர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். கேரியர் கிடைத்து, இணைப்புச் செய்தியும் வந்து, ஏறத்தாழ அரை நிமிடத்தில் அறுந்துவிடுகிறது என்பதில் அந்த அரை நிமிடம்தான் துப்பு. பிபிபி-யை நடத்தும் 'பிபிபிடி' நிரல் இணைப்புக் கிடைத்ததும் எல்சிபி என்னும் முதற்கட்ட உடன்பாட்டுக்கான கோரிக்கையை அனுப்பும்; பதில் வராவிட்டால் மூன்று விநாடிக்கு ஒருமுறை திரும்ப அனுப்பும்; பத்து முறை அனுப்பியும் பதில் இல்லையென்றால் கைவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். பத்தை மூன்றால் பெருக்கினால் முப்பது விநாடி. கம்பி இரைச்சலால் அறுபடும் இணைப்பு ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் அறுபடாது. உங்களுடையது தவறாமல் அப்போதே அறுபடுகிறது என்றால், மோடங்கள் இரண்டும் நலம், துண்டிப்பது உங்கள் கணினியேதான்.

உறுதிசெய்ய, பிபிபிடி-யின் விருப்பங்களில் 'டீபக்' என்பதைச் சேர்த்து இன்னொரு முறை அழைத்து, கணினியின் பதிவைப் படியுங்கள். அனுப்பியவை 'சென்ட்' என்ற சொல்லோடும், வந்தவை 'ஆர்சிவிடி' என்ற சொல்லோடும் தொடங்கும். அனுப்பியவை மட்டும் பத்து வரி இருந்து, அதன்பின் எல்சிபி காலாவதி என்று ஒரு வரி இருந்தால் மறுமுனை பிபிபி பேசவே இல்லை. வந்த வரிகளும் இருந்து, அவற்றிலுள்ள மேஜிக் எண் (ஒவ்வொரு முனையும் தன் அடையாளமாக இடும் எண்) நீங்கள் அனுப்பிய எண்ணாகவே இருந்தால், உங்கள் சொற்களே எதிரொலித்துத் திரும்புகின்றன. மறுமுனையில் உள்நுழைவு கேட்டு நிற்கும் நிரல் நீங்கள் அனுப்பும் ஒவ்வோர் எழுத்தையும் திருப்பி எழுதுகிறது என்பதன் அடையாளம் அது. பிபிபிடி முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணும் உதவும்: 8 என்றால் டயல் செய்யும் நிரலே தோற்றது, 16 என்றால் மோடம் கம்பியை வைத்துவிட்டது, 17 என்றால் எதிரொலி, 19 என்றால் உங்கள் பெயரையோ கடவுச்சொல்லையோ மறுமுனை ஏற்கவில்லை.

மறுமுனை என்ன எதிர்பார்க்கிறது என்பதை அறிய எளிய வழி, மினிகாமிலிருந்தே கையால் அழைத்துப் பார்ப்பது. ஏடிடிடி-யோடு எண்ணைச் சேர்த்து அடித்து, இணைப்புக் கிடைத்தபின் எதையும் தொடாமல் சில விநாடி காத்திருங்கள். திரையில் ~ } # ! போன்ற குறிகள் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தால் மறுமுனை பிபிபி-யைத் தொடங்கிவிட்டது; அந்த ~ குறிதான் ஒவ்வொரு பிபிபி சட்டகத்தின் எல்லைக்கல். அதற்குப் பதிலாகக் கணினியின் பெயரும் 'லாகின்' என்ற கேள்வியும் வந்தால், மறுமுனை ஒரு மனிதர் பெயர் தட்டுவார் என்று காத்திருக்கிறது. அதை அறியாமல் உங்கள் பிபிபிடி எல்சிபி கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருக்க, அது அவற்றைப் புரியாத பயனர் பெயர்களாக வாசித்துக்கொண்டிருக்கும். கிளைக் கணினியும் லினக்ஸ் என்பதால் உங்கள் நிலை இதுவாகவே இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

தீர்வு இரண்டு பக்கத்திலும் உண்டு. கிளையில் ஒருவரைக் கொண்டு மாற்றம் செய்ய முடிந்தால் அங்கேயே செய்வதுதான் நேர்த்தி. அங்கே அழைப்பை ஏற்பது 'எம்கெட்டி' என்னும் நிரலாக இருந்தால், அதன் உள்நுழைவு அமைப்புக் கோப்பில் 'ஆட்டோபிபிபி' என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும், பல நேரங்களில் முன்னால் # குறியிட்டு முடக்கப்பட்டிருக்கும். அந்த # குறியை நீக்கி, வரியிலுள்ள பிபிபிடி-யின் பாதை சரியா என்று பார்த்தால் போதும். அதன்பின் அழைப்பவர் பெயரைத் தட்டாமல் எல்சிபி கோரிக்கையை அனுப்பினால் எம்கெட்டி அதை அடையாளம் கண்டு தானே பிபிபிடி-யை எழுப்பிவிடும். இதில் அழைப்பவர்தான் முதலில் பேச வேண்டும் என்பதால், உங்கள் பக்க விருப்பங்களில் 'சைலன்ட்' என்ற சொல் இருந்தால் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இருவரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருப்பார்கள்.

கிளைக் கணினியில் கைவைக்க முடியாது என்றால் உங்கள் பக்கம் மோடத்தோடு பேசி எண்ணைச் சுழற்றும் 'சாட்' நிரலின் உரையை நீட்ட வேண்டும். இப்போது அந்த உரை பிசி, கேரியர் இல்லை, டயல் டோன் இல்லை ஆகிய பதில்களுக்குக் கைவிடும்படி சொல்லி, மோடத்தை ஏடிஇசட் கொடுத்துத் தயார் செய்து, எண்ணைச் சுழற்றி, கனெக்ட் என்ற சொல்லோடு முடிந்திருக்கும். அதற்குப் பின் லாகின் கேள்வியை எதிர்பார்த்துப் பயனர் பெயரையும், பாஸ்வேர்ட் கேள்வியை எதிர்பார்த்துக் கடவுச்சொல்லையும் அனுப்பும்படி இரண்டு இணைகளைச் சேருங்கள். எதிர்பார்க்கும் சொற்களின் முதல் எழுத்தை விட்டுவிடுவது நெடுநாள் வழக்கம்: முதல் எழுத்து ஓர் அமைப்பில் பெரியதாகவும் இன்னோர் அமைப்பில் சிறியதாகவும் இருப்பதால், எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு பொருத்துவதே தவறாதது. சாட் நிரலுக்கு 'வி' விருப்பத்தையும் கொடுத்தால் அது அனுப்பியதும் பெற்றதும் பதிவில் எழுத்துக்கு எழுத்து வந்துவிடும். இந்த வழியில் உள்நுழையும் கணக்குக்கு அங்கே ஷெல்லாகவே (உள்நுழைந்ததும் கட்டளைகளை ஏற்கும் நிரல்) பிபிபிடி அமைந்திருந்தால் உடனே குறிகள் கொட்டத் தொடங்கும். சாதாரண ஷெல் வந்தால் பிபிபிடி-யைத் தொடங்கும் கட்டளையையும் உரையில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

உங்கள் பக்கத்து அமைப்புக் கோப்பு, ஈடிசி கோப்பகத்தின் பிபிபி உட்கோப்பகத்தில் 'பியர்ஸ்' என்பதற்குள் இருக்க வேண்டும். அதில் போர்ட்டின் பெயர், 115200 என்ற வேகம், சாட் நிரலை அழைக்கும் 'கனெக்ட்' வரி, 'மோடம்', 'லாக்', 'சிஆர்டிஎஸ்சிடிஎஸ்', 'நோஆத்', 'டீஃபால்ட்ரூட்', பயனர் பெயர் ஆகியவை போதும். அதிகம் எழுதுவதால் நன்மை இல்லை. இவற்றில் நோஆத் பலரைக் குழப்புகிறது. அது உங்கள் கடவுச்சொல் வேண்டாம் என்று சொல்வதில்லை. மறுமுனை தன்னை உங்களிடம் நிரூபிக்க வேண்டியதில்லை என்று மட்டுமே சொல்கிறது. கணினியில் ஏற்கனவே ஒரு இயல்புநிலை வழித்தடம் இருந்தால் பிபிபிடி தானாகவே அந்த நிரூபணத்தைக் கேட்கத் தொடங்கும், அதனால்தான் ஈதர்நெட் இணைந்திருந்த நாளில் உங்களுக்கு வேறொரு பிழைச்செய்தி வந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே அனுப்பும் பிஏபி முறையில் உங்களை நிரூபிக்கும் பெயரும் கடவுச்சொல்லும் பிஏபி இரகசியக் கோப்பில் ஒரே வரியில், நடுவே ஒரு நட்சத்திரக் குறியோடு எழுதப்படும். கடவுச்சொல்லில் # குறியோ இடைவெளியோ இருந்தால் மேற்கோள் குறிக்குள் அடையுங்கள். 19 என்ற எண்ணோடு முடியும் பல வழக்குகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

பிபிபி உடன்பாடு முடிந்தபின் நிகழ்வன எளியவை. 'ஐபி' கட்டளையில் பிபிபி0 என்னும் இடைமுகமும் இரு முனை முகவரிகளும் தெரியும். மறுமுனை முகவரிக்குப் பிங் போய்வந்து, அதைத் தாண்டி எதற்கும் போகவில்லை என்றால், ஈதர்நெட்டின் பழைய வழித்தடம் இன்னும் இருக்கிறது. டீஃபால்ட்ரூட் அதை மாற்றி எழுதாது. ஈதர்நெட்டை இறக்கிவிட்டு மீண்டும் அழையுங்கள், அல்லது கிளையின் வலைக்கு மட்டும் தனி வழித்தடம் எழுதுங்கள். உங்கள் தேவைக்கு இரண்டாவதே பொருத்தம் என்று தோன்றுகிறது.

தொலைபேசிக் கம்பியைப் பற்றி ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இரு முனைகளில் ஏதேனும் ஒன்று செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறிவிட்டதா? ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் தொலைபேசி உண்மையில் இணைய நெறிமுறையில் செல்லும் குரல். பேச்சுக்குக் கேட்காத சிறு இடைவெளிகளும் காலப் பிறழ்வும் மோடத்துக்குப் பெரும் அடி. குரலைச் சுருக்கும் ஜி.729 கோடெக் இருந்தால் மோடம் அறவே பிடிக்காது. ஜி.711 கோடெக்கும் எதிரொலி நீக்கம் அணைக்கப்பட்ட நிலையும் இருந்தால், ஏடி+எம்எஸ் கட்டளையால் மோடத்தை வி.32பிஸ்-இன் 14.4 கிலோபிட்டுக்குக் கட்டுப்படுத்தி ஓரளவு நிலையாக ஓட்டலாம். வேகமாகத் தொடங்கி அடிக்கடி அறுபடுவதைவிட மெதுவாக நிற்பது மேல். பொது டயல்-அப் சேவைகளும் மறைந்துவருகின்றன. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமே 2025 செப்டம்பர் 30 அன்று தன் டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. எனவே சோதனைக்கு வெளியே ஓர் எண் தேடுவதைவிட, இரண்டு தொலைபேசி முனைகள் கொண்ட லிங்க்சிஸ் பிஏபி2டி போன்ற ஒரு பெட்டியை வாங்கி, ஒரே மேசையில் இரண்டு மோடங்களை ஒன்றையொன்று அழைக்கவைத்துப் பழகுவது மலிவு, தொலைபேசிக் கட்டணமும் இல்லை.

கடைசியாக, இணைப்பை முடிக்கும் முறை. டெபியனில் தொடங்கவும் நிறுத்தவும் ஆன், ஆஃப் என்ற ஆங்கிலச் சொற்களின் முன்னால் பி எழுத்தைச் சேர்த்த இரு கட்டளைகள் உள்ளன. நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தபின் மோடம் கம்பியைப் பிடித்திருப்பதைக் காட்டும் ஓஎச் விளக்கு அணைகிறதா என்று ஒருமுறை நேரில் பாருங்கள். அணையாவிட்டால் மோடத்தில் &டி2 அமைப்பு இல்லை; ஏடி&டி2 கொடுத்து, ஏடி&டபிள்யூ கொடுத்துச் சேமியுங்கள், இல்லையேல் கணினி அணைந்தபின்னும் அழைப்பு ஓடிக்கொண்டே இருந்து பில் ஏறும். கிளைப் பக்கத்துப் பிபிபிடி-யிலும் 'எல்சிபி எக்கோ' விருப்பங்கள் இரண்டை, 30 விநாடி இடைவெளி, 4 தவறு என்று அமைத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் மின்சாரம் போனால் அங்கே கம்பி இரண்டு நிமிடத்தில் தானாக விடுபட்டு, அடுத்த அழைப்பை ஏற்கத் தயாராகிவிடும். டீபக் பதிவை எடுத்தபின், முதல் 'சென்ட்' வரியிலிருந்து இறுதி வரை கடவுச்சொல்லை மட்டும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். எதிரொலியா, மௌனமா என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.